நாய்க்கு வலி மருந்து: வாசகர் கேள்விகள்

கே: கார்புரோஃபென் தொடங்கி நாலு நாள். நேற்று இரண்டு முறை வாந்தி. தொடரலாமா?

ப: கூடாது. அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று கொடுத்துக்கொண்டே போனால், வயிற்றில் புண் வந்து ஓட்டை விழும் வரை போகும்.

கே: மலம் கறுப்பாக இருக்கிறது.

ப: தார் போலப் பிசுபிசுத்தால் ரத்தம்தான். இரும்புச்சத்து மருந்தும் கறுப்பாக்கும். ஆனாலும் வலி மருந்து ஓடும்போது ரத்தம் என்றே எடுத்துக்கொண்டு அன்றே காட்டுங்கள்.

கே: நாய் நொண்டுகிறது. வீட்டில் இருக்கும் ஐபுபுரோஃபென் 400-ல் பாதி கொடுக்கலாமா? சின்ன நாய்தான்.

ப: ‘சின்ன நாய்’ என்று ஓர் எடை கிடையாது. 8 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். பாதி மாத்திரை 200 மி.கி., அதாவது கிலோவுக்கு 25 மி.கி. வயிற்றைக் கெடுக்க அதுவே போதும். நாயின் உடலில் இது பித்தத்தோடு குடலுக்குத் திரும்பி, மறுபடியும் உறிஞ்சப்படுகிறது. நமக்கு நாலைந்து மணி நேரத்தில் தணிகிற மருந்து அதற்கு அப்படித் தணியாது. நாப்ராக்ஸென் இன்னும் மோசம். நாயின் உடலில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 3 நாள். டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். உங்கள் முழங்காலில் தடவிய ஜெல்லை நாய் நக்கினாலும் உள்ளே போவது அதே மருந்துதான்.

ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? அறிகுறி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைக்கலாம். வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள், அது தனி விஷம். கொடுத்ததை மறைக்கவும் கூடாது. அது தெரியாமல் அவர் நாய்க்கான மருந்தை மேலே ஏற்றினால் சேதம் இரட்டிப்பு. தெரிந்தால் 5 முதல் 7 நாள் இடைவெளி விடுவார். ஆக, நீங்கள் ‘சும்மா பாதி’ கொடுத்ததால் சரியான மருந்து ஒரு வாரம் தள்ளிப்போகிறது. அத்தனை நாளும் வலி நாய்க்குத்தான்.

கே: மெலாக்சிகாம் திரவத்தோடு வந்த சிரிஞ்சில் 12 என்ற கோடு 12 மி.லி.யா?

ப: இல்லை, அது நாயின் எடை. 12 கிலோவுக்கு தினசரி அளவு 1.2 மி.கி.; மி.லி.க்கு 1.5 மி.கி. உள்ள திரவத்தில் 0.8 மி.லி. வேறு சிரிஞ்சில் 12 மி.லி. எடுத்தால் 15 மடங்கு. முதல் நாள் மட்டும் இரட்டை அளவு; அதையே தினமும் தொடர்பவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மாத்திரைக்குப் பின் நாய் சோர்ந்திருக்கிறது. என்ன செய்ய?

ப: எந்த மாத்திரை, எத்தனை மி.கி., நாய் எத்தனை கிலோ? ஒன்றும் எழுதவில்லை. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

கே: அரிப்புக்கு பிரட்னிசோலோன் ஓடுகிறது. கூடவே வலி மாத்திரை?

ப: கார்புரோஃபென், மெலாக்சிகாம் போன்றவற்றைச் சேர்க்கவே கூடாது. அதற்காக பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது.

கே: நன்றாகத்தானே இருக்கிறது, ரத்தப் பரிசோதனை எதற்கு?

ப: தொடங்கும் முன் ஒன்று, 2 முதல் 4 வாரத்தில் ஒன்று, தொடர்ந்து கொடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஈரல் கோளாறு பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் தலைகாட்டும். கண்வெள்ளை மஞ்சளித்தாலோ வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தாலோ தேதிக்குக் காத்திராதீர்கள். வயிற்றுப்போக்கால் உடல் வறண்டிருக்கும் நாளில் மருந்தே வேண்டாம், சிறுநீரகம் தாங்காது.

கே: கேபாபென்டின் கொடுத்தால் பின்னங்கால் தள்ளாடுகிறது.

ப: முதல் சில நாள் அப்படித்தான். குறையாவிட்டால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். மனிதருக்கான திரவம் என்றால் லேபிளில் சைலிட்டால் (நாய்க்கு விஷமான இனிப்பூட்டி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.