உப்புவெளிக் காணி வழக்கு: தரகர் கேட்கும் பணம்

உங்கள் அப்பாவின் காணி வழக்கு திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் இழுபடுகிறது, வெளியே ஒருவர் "உள்ளே கொடுத்தால் தீர்ப்பு உங்கள் பக்கம்" என்று பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளிதான். இப்படி அலைபவர்கள் பலர் நீதிபதியின் பெயரைச் சொல்லித் தங்கள் பையை நிரப்புபவர்கள். நீங்கள் வென்றால் "என்னால்தான்" என்பார்கள், தோற்றால் ஆளையே காணக் கிடைக்காது.

திரும்பவும் கேட்டால், பணம் கைமாற முன்பே 1954க்கு அழையுங்கள். அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம். முன்கூட்டிச் சொன்னால்தான் சுற்றிவளைத்துக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம்.

கேட்டவர் நீதிமன்ற எழுதுவினைஞர் என்றால் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மாவட்ட நீதிபதிகள், நீதவான்கள் மீதான ஒழுக்காற்று அதிகாரமும் அதனிடமே. சட்டத்தரணி என்றால் சத்தியக்கடதாசியுடன் (சத்தியம் செய்து கையொப்பமிடும் எழுத்து வாக்குமூலம்) உயர் நீதிமன்றத்துக்கு முறையிட வேண்டும்.

தாமதம் வேறு கதை. நம் காணி வழக்குகள் இலஞ்சம் இல்லாமலே வருடக்கணக்கில் இழுபடும்! அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்கிறீர்களே, அதைக் காட்டி வழக்கை முன்கூட்டி அழைக்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கான எழுத்துக் கோரிக்கை) போடலாம். அவருக்குக் கட்டும் காசுக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். வசதி இல்லையென்றால் திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்கு வருமான விபரத்தோடு போய்ப் பாருங்கள்.