கூட்டம் ஆகாதவர் முன்னால் நிற்கலாமா?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 27. இனிமேல் காலையில் முன்னால் நின்று, பூ விளைவித்துக் கொண்டுவரும் சம்சாரிகளையும் வாங்க வரும் வியாபாரிகளையும் நானே கவனிக்க வேண்டும் என்கிறார் முதலாளி. எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. செல்போனில் ஒரு சோதனை எழுதினேன். ‘இன்ட்ரோவர்ட்’, அதாவது ஒதுங்கி இருக்கும் சுபாவம் என்று வந்தது. என் சித்தப்பா மகன் கேட்டரிங், ஆட்டோ, ரியல் எஸ்டேட் என்று எதில் விட்டாலும் பிழைத்துக்கொள்கிறான். பிறவிக் குணத்தை மீறி எல்லா வேலைக்கும் பழக முடியுமா ஐயா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பழகலாம் தம்பி. ஆனால் சித்தப்பா மகன் மாதிரி ஆன பிறகுதான் பழக முடியும் என்று நினைத்தால் காலத்துக்கும் ஆகாது.

நான் பஞ்சாலையில் பணியாளர் பிரிவில் இருந்தவன். யாரை எந்த வேலையில் போடுவது என்பதே என் பிழைப்பு. நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் ஒருவர் இருந்தார், வாயே திறக்க மாட்டார். டீக்கடையிலும் தனியாகத்தான் நிற்பார். புது ஆட்களைப் பழக்க அவரைப் போட்டபோது மேஸ்திரி முகம் சுளித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நூல் அறுந்த இடத்தில் பையனை நிறுத்துவார். நூல் சுற்றுகிற பாபினை நிறுத்தி, நூல் முனையைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சின்ன வளையத்தில் கோத்து, மேலே ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு சேர்த்துவிடுவார். அதையே மறுபடியும் மெதுவாகச் செய்து காட்டுவார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துகொள்வார். பையன் தப்பாக ஒட்டினால் திட்டெல்லாம் கிடையாது. அந்த நூலைத் தானே அறுத்துவிட்டு ‘ம்’ என்பார், அவ்வளவுதான். அவரிடம் பழகிய பிள்ளைகள் ஒட்டிய நூலில் ஒட்டு எங்கே என்று தேட வேண்டும். பின்னால் அவர் ஸ்டோரையும் பார்த்தார், சங்கக் கூட்டத்தில் வரவு செலவும் வாசித்தார். பேச்சு மட்டும் கடைசிவரை அதே அளவுதான்.

ஆராய்ச்சியும் இதைத்தான் காட்டுகிறது. புதியதில் நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம் என்று ஐந்து அளவுகளில் குணத்தைப் பார்க்கிறார்கள் உளவியலாளர்கள். பேரிக், மவுண்ட் என்ற இருவர் 117 ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் வெளியிட்டார்கள். போலீஸ், மேலாளர், விற்பனையாளர், தொழிலாளி என்று எல்லாருக்கும் கைகொடுத்த குணம் பொறுப்பு. கலகலப்பு மேலாளருக்கும் விற்பனையாளருக்கும் உதவியது. புது வேலை பழகும் காலத்திலும் உதவியது. அதனால் ஆரம்பத்தில் உங்களுக்குச் சிரமம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2013-இல் ஆடம் கிராண்ட் என்பவர் போனில் விற்கிற 340 பேரை ஆராய்ந்தபோது, அதிகம் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் கலகலப்பிலும் ஒதுக்கத்திலும் நடுவாந்திரமாக இருந்தவர்கள். செல்போன் சோதனைக்கு அந்த நடுவாந்திரம் தெரியாது. இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று தள்ளிவிடும்.

இனி உங்கள் கடைக்கு வருவோம். முகூர்த்த நாள் காலையில் மல்லி விலை ஏறும், இறங்கும். உசிலம்பட்டியிலிருந்து மூட்டையோடு வரும் சம்சாரிக்குத் தெரிய வேண்டியது எடை சரியா, இன்றைக்கு என்ன விலை, பணம் எப்போது வரும் என்பதுதான். அந்தக் கடையில் இதைக் கணக்கு எழுதுகிறவரைவிடத் தெளிவாக யார் சொல்வார்? கூட்டம் சேருமுன்பே போய் நின்றுவிடுங்கள். முதலில் வருகிற ஓரிருவரிடம் பேசிவிட்டால் பின்னால் வருகிறவர்களிடம் நாக்கு தானாகப் புரளும். சீட்டில் எழுதுகிற பேரையும் ஊரையும் இனி வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிடுங்கள். சந்தை ஓய்ந்ததும் அரைமணி நேரம் கணக்குப் புத்தகத்தோடு தனியாக உட்கார வேண்டும் என்று முதலாளியிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் சுபாவத்துக்கு அந்தத் தனிமை சோறு மாதிரி.

ஒன்று, கூச்சம் வேறு, பதற்றம் வேறு. முதல்நாள் இரவே தூக்கம் போய், நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தால் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கல்லூரி முடித்த என் மகள் சுங்குடி, கேக், தையல் என்று ஒன்றைவிட்டு ஒன்று தாவுகிறாள். இது பல தொழில் திறமையா, நிலையில்லாத புத்தியா?
– வாசகி, சிம்மக்கல்

பதில்: எந்தக் கட்டத்தில் விடுகிறாள் என்று பாருங்கள் அம்மா. வேலை பிடிபட்ட பிறகு விட்டால் புதியதில் நாட்டம் அதிகம் என்று அர்த்தம், கவலை வேண்டாம். சிரமம் தொடங்கும் இடத்திலேயே விடுகிறாள் என்றால் கொஞ்சம் கண்டிக்கலாம். சுங்குடியில் முடிச்சுப் போடுவது சீக்கிரம் வந்துவிடும். அதே முடிச்சை ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட வேண்டும் என்பதில்தான் பொறுமை தெரியும். ஒரே ஒரு சேலையை முடிச்சு, சாயம், பிரிப்பு என்று முழுதாக முடிக்கச் சொல்லுங்கள். முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்றால் போகட்டும். அதற்குள் ‘நிலையில்லாதவள்’ என்று உறவுக்காரர்களிடம் சொல்லி வைக்காதீர்கள். 20 வயதுக்கும் 40-க்கும் இடையில்தான் பொறுப்புக் குணம் நன்றாகக் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.