முகாமுக்கு முதல் கத்தி: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

காட்டு முகாமுக்கு முதல் கத்தி எந்த எஃகில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மழை, கடலோரம், துடைக்கச் சோம்பல் என்றால் ஸ்டெயின்லெஸ். கார்பன் ஸ்டீலைத் தீட்டுவது சுலபம், சிக்கிமுக்கிக் கல்லில் பொறியும் வரும். ஆனால் எலுமிச்சை நறுக்கி அப்படியே உறையில் போட்டால் கறுத்துத் துருப்பிடிக்கும்.

சரி, எஃகைவிட அளவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கத்தியின் அலகு, அதாவது வெட்டும் பகுதி, சுமார் 10 செ.மீ. இருந்தால் போதும். ஸ்வீடனின் மோரா கம்பேனியன் என்ற கத்தி அந்த நீளம்தான். இரண்டு எஃகிலும் கிடைக்கும். அதன் எஃகு கைப்பிடியின் கடைசிவரை ஓடுவதில்லை. கட்டையால் அடித்து விறகு பிளக்க நினைத்தால் முழுநீள எஃகுள்ள கத்தியையோ சின்னக் கோடரியையோ பாருங்கள். வாள் மாதிரி பெரிய கத்தி படம் எடுக்கத்தான் அழகு!

அப்புறம், மடக்கு ரம்பம் ஒன்று. மணிக்கட்டுத் தடிமனுள்ள கிளையை அறுக்க, கோடரியைவிட அது பாதுகாப்பு.