ஏ மைனரில் ஜி ஷார்ப் ஏன் வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீபோர்டில் ஏ மைனர் பழகுகிறேன். அதற்கு ஷார்ப் (அரைப்படி ஏற்றம்), ஃபிளாட் (அரைப்படி இறக்கம்) எதுவும் கிடையாது என்று படித்தேன். ஆனால் பாடத்தில் ஜி ஷார்ப் அடிக்கடி வருகிறது, ஓரிடத்தில் எஃப் ஷார்ப்பும் இருக்கிறது. நேச்சுரல், ஹார்மோனிக், மெலோடிக் என்று மூன்று ஸ்கேல்கள் உண்டு என்கிறார்கள். நடுவில் கீ மாறுகிறதா? எதை மனதில் வைத்து வாசிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கீ மாறவில்லை. ஏ, பி, சி, டி, இ என்ற முதல் ஐந்து நோட்டுகளும் அசையாமல் நிற்கின்றன. ஆறாவதான எஃப்பும் ஏழாவதான ஜியும்தான் இடம் மாறுகின்றன. அந்த மாற்றத்துக்குப் பாடப்புத்தகம் இட்ட பெயர்கள்தான் இந்த மூன்றும். தனித்தனி ஸ்கேல்களாக மனப்பாடம் செய்தால் குழப்பமே மிஞ்சும்.

ஏழாவது ஏன் மாறுகிறது என்பதற்குக் கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் நோட்டுகளில், விடை இருக்கிறது. ஷார்ப் எதுவும் இல்லாத நேச்சுரல் மைனரில் ஐந்தாவது நோட்டின் மேல் கார்டு கட்டினால் இ, ஜி, பி: இ மைனர். அதிலிருந்து ஏ மைனருக்குப் போய்ப் பாருங்கள், முடிவு சப்பென்றிருக்கும். ஜியை ஒரு செமிடோன், அதாவது கறுப்பு வெள்ளை பாராமல் அடுத்த கட்டைக்கு, ஏற்றினால் இ மேஜர். ஜி ஷார்ப்புக்கும் ஏவுக்கும் ஒரே செமிடோன்தான் இடைவெளி என்பதால் காது ஏவை எதிர்பார்த்து நிற்கும். ஹார்மோனிக் மைனர் பிறப்பது இங்கேதான்.

ஏற்றியதும் வேறொரு சிக்கல். எஃப்புக்கும் ஜி ஷார்ப்புக்கும் இடையே மூன்று செமிடோன் பள்ளம். விரலுக்கு அது பொருட்டல்ல, பாடுகிறவர் தடுமாறுவார். ஏறும்போது எஃப்பையும் ஷார்ப் ஆக்கினால் பள்ளம் நிரம்பிவிடும். இறங்கும்போது மேல் ஏவை எட்ட வேண்டியதில்லை, அதனால் இரண்டும் பழைய இடத்துக்குத் திரும்பும். மெலோடிக் மைனர் அவ்வளவே. இதுவும் இரும்புச் சட்டமல்ல. கீழே இ மேஜர் ஒலித்துக்கொண்டிருந்தால் இறக்கத்திலும் ஷார்ப்புகள் நிற்கலாம். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையில் அப்படிப்பட்ட இறக்கங்கள் உண்டு.

கர்நாடக இசை தெரிந்திருந்தால் இந்த மூன்றையும் முறையே நடபைரவி, கீரவாணி, கௌரிமனோகரியின் ஏறுவரிசைகள் என்று நோட்டுகளை அடையாளம் காணலாம். அதற்கு மேல் ஒப்பிட வேண்டாம். அங்கே ஒவ்வொன்றும் தனி ராகம், இங்கே நாலு பாருக்குள் (தாளச் சுற்றுக்குள்) மூன்றும் வந்து போகும்.

கற்பவர்கள் அதிகம் சறுக்குவது கார்டுகளில். எல்லாக் கார்டையும் ஹார்மோனிக் மைனரிலிருந்தே எடுத்தால் மூன்றாவது கார்டு சி, இ, ஜி ஷார்ப் என்று மேல் நோட்டு ஒரு செமிடோன் ஏறிய ஆகமென்டட் கார்டு ஆகிவிடும். பெரும்பாலான பாட்டுகளில் அங்கே சாதாரண சி மேஜர்தான் வரும். அதேபோல் ஜி ஷார்ப்பை ஏ ஃபிளாட் என்று எழுதாதீர்கள். கட்டை ஒன்றுதான், ஆனால் ஏழாவது நோட்டு காணாமல் போய் ஏ இரண்டு முறை வரும். வரியின் தொடக்கத்தில் எழுதும் கீ சிக்னேச்சரிலும் இந்த ஷார்ப் இடம்பெறாது, நோட்டுக்கு முன்னால்தான் எழுத வேண்டும்.

பயிற்சிக்கு இடக்கையில் ஏ மைனர், சி மேஜர், டி மைனர், இ மேஜர், மீண்டும் ஏ மைனர் என்று கார்டுக்கு நாலு பீட் வையுங்கள். வலக்கையில் நேச்சுரல் மைனரே ஓடட்டும், இ மேஜர் வரும்போது மட்டும் ஜி ஷார்ப். அங்கே மறந்து ஜி வாசித்தால் உடனே உரசும். இது கைக்கு வந்ததும் டி மைனருக்குப் போங்கள்: சிக்னேச்சரில் பி ஃபிளாட், ஏழாவது சி ஷார்ப், ஐந்தாவது கார்டு ஏ மேஜர்.