அமெரிக்காவில் ‘ரீபில்ட் டைட்டில்’ கார் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் விவரமும் கொடுத்திருக்கிறார். 2019 கேம்ரி. அதே மாதிரி வண்டிகள் அவர் ஊரில் 18,000 டாலருக்குப் போகின்றன, இதை 11,500-க்குச் சொல்கிறார்கள். டைட்டிலில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தில், ‘ரீபில்ட்’ என்று அச்சாகியிருக்கிறது. “சால்வேஜ் என்றால் நொறுங்கிப்போன வண்டி, ரீபில்ட் என்றால் அதைச் சரிபண்ணிய வண்டி, அவ்வளவுதானே?” என்று கேட்கிறார்.

அவ்வளவு இல்லை. என் சொந்தக் காரே ஒரு முறை சால்வேஜ் ஆனது. அந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

2019-ல் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில், சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த பிக்கப் டிரக் நேரே வந்து இடித்தது. என் வண்டி 2008 கரோலா. டிக்கி மூடி நடுவில் மடங்கிக் கூரை போல் எழும்பி நின்றது, பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. ஏர்பேக் வெடிக்கவில்லை, இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. பம்பரைக் கயிறு போட்டுக் கட்டி அதே வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

தப்பு டிரக் ஓட்டியவர் மேல் என்பதால் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வந்தார். வண்டியைப் பார்த்த நேரத்தைவிட மடிக்கணினியைப் பார்த்த நேரம்தான் அதிகம். கடைசியில் திரையைத் திருப்பி மூன்று எண்களைக் காட்டினார். விபத்துக்கு முந்தைய நிமிடம் வண்டியின் சந்தை மதிப்பு 6,200 டாலர். பாடி ஷாப் கேட்கும் பழுதுக்கூலி 5,100. இப்படியே ஏலத்தில் விட்டால் வரக்கூடியது 1,400. பழுதையும் ஏல விலையையும் கூட்டினால் 6,500. அது 6,200-ஐத் தாண்டிவிட்டது. “டோட்டல் லாஸ்” என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐந்து நிமிடம் முன்புதான் அந்த வண்டியை எடுத்து நகர்த்தி அவர் காருக்கு வழிவிட்டிருந்தேன்.

இதே இடி 30,000 டாலர் பெறுமானமுள்ள புது வண்டிக்கு விழுந்திருந்தால் எதுவும் பேசாமல் சரிபண்ணிக் கொடுத்திருப்பார்கள், டைட்டிலும் சுத்தமாகவே இருந்திருக்கும். ‘டோட்டல் லாஸ்’ என்பது முதலில் ஒரு கணக்கு. எலும்பு உடைந்ததா, தோல் சிராய்த்ததா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. மருத்துவச் செலவு எவ்வளவு, ஆளின் விலை எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது.

அந்தக் கணக்கும் நாடு முழுக்க ஒன்றல்ல. டைட்டில் கொடுப்பது மத்திய அரசு அல்ல, மாநிலங்கள். நியூயார்க்கில் பழுதுச் செலவு மதிப்பில் 75 சதவீதத்தைத் தொட்டால் சால்வேஜ், ஃப்ளோரிடாவில் 80, நெவாடாவில் 65, ஓக்லஹோமாவில் 60. டெக்சாஸில் முழு 100 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் சதவீதமே கிடையாது; சரிபண்ணுவது கட்டுப்படியாகாது என்று முடிவெடுத்தால் சால்வேஜ்தான், அதற்குத்தான் அட்ஜஸ்டர் அந்தக் கூட்டல் கணக்கைப் போட்டார். ஆகவே ஒரே கார், ஒரே அடி, ஓக்லஹோமாவில் பட்டால் சால்வேஜ், எல்லைக்கு அப்பால் டெக்சாஸில் பட்டால் சுத்தமான டைட்டில் என்றும் ஆகலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டைட்டில் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்கள் குழம்புகிறார்கள். நம்மூரில் ஆர்.சி. ஒன்றுதான் எல்லாமே. இங்கே ரெஜிஸ்ட்ரேஷன் என்பது சாலையில் ஓட்ட அனுமதி, டைட்டில் என்பது வண்டி யாருடையது என்பதற்கான பத்திரம். சால்வேஜ், ரீபில்ட், ஃப்ளட் (வெள்ளத்தில் மூழ்கியது), நான்-ரிப்பேரபிள் (சரிபண்ணவே முடியாதது) என்ற முத்திரைகள் விழுவது இந்தப் பத்திரத்தில். ‘பிராண்ட்’ என்பார்கள், மாட்டுக்குச் சூடு போடுவது போல. கேட்டவர் நினைப்பது போல ரீபில்ட் வந்ததும் சால்வேஜ் அழிந்துவிடாது. அது வரலாற்றில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

என் கரோலாவுக்கு வருகிறேன். காப்பீட்டுக்காரரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு 6,200 வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஏல விலை 1,400-ஐக் கழித்துக்கொண்டு 4,800 தருவார்கள், வண்டி என்னிடமே இருக்கும். நான் இரண்டாவதைச் செய்தேன். கார் மேல் இருந்த பாசம் பாதி, கஞ்சத்தனம் பாதி. கடன் எதுவும் பாக்கி இல்லாததால் அது முடிந்தது. கடன் இருந்தால் காசு முதலில் வங்கிக்குத்தான் போகும்.

அதற்கப்புறம்தான் காகித வேலை. கலிஃபோர்னியாவில் செட்டில்மென்ட் ஆன 10 நாளுக்குள் பழைய டைட்டிலை மாநில மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி.யிடம் ஒப்படைத்து சால்வேஜ் சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டும். அது கையில் வந்தால் வண்டி உங்களுடையது, ஆனால் சாலையில் ஓட்டக் கூடாது. பழைய உதிரிபாகக் கிடங்கில் டிக்கி மூடி, பம்பர், ஒரு விளக்கு எடுத்தேன். நிறம் கொஞ்சம் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். பிறகு பிரேக், விளக்குச் சான்று வாங்கி, ஸ்மாக் (புகை) சோதனை முடித்து, உதிரிபாகங்கள் வாங்கிய ரசீதுகளோடு போய் வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைச் சரிபார்க்க வைத்தேன். (2024 ஜூலையிலிருந்து அந்தப் பிரேக்-விளக்குச் சான்று போய், வாகனப் பாதுகாப்பு அமைப்புச் சோதனை என்று வேறொன்று வந்திருக்கிறது.) கடைசியில் புது டைட்டில் வந்தது. ‘சால்வேஜ்ட்’ என்ற சொல் அதில் நிரந்தரமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் இந்த வகைக்கு ‘ரிவைவ்ட் சால்வேஜ்’ என்று பெயர். மற்ற மாநிலங்களில் ரீபில்ட், ரீகன்ஸ்ட்ரக்டட், பிரையர் சால்வேஜ் என்று ஆளுக்கொரு பெயர்.

டி.எம்.வி. ஜன்னலில் இருந்த பெண் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் தேடியது பழுது எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை அல்ல, அந்த டிக்கி மூடி திருட்டு வண்டியிலிருந்து வந்ததா என்பதை. பல மாநிலங்களில் ரீபில்ட் சோதனையின் நோக்கமே அதுதான். நியூயார்க்கில் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்: அந்தச் சோதனை திருட்டு உதிரிபாகத்தைப் பிடிக்க. வண்டி பாதுகாப்பானதா என்று அது சொல்லாது. டெக்சாஸில் என்னென்ன மாற்றினேன் என்று பழுதுபார்த்தவரே வி.டி.ஆர்-61 என்ற படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, 65 டாலர் ரீபில்ட் கட்டணம் கட்டுகிறார். அங்கே தனிப்பட்ட வண்டிகளுக்கான வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையும் 2025 முதல் கிடையாது. ‘அரசாங்கமே சோதித்து ரீபில்ட் கொடுத்திருக்கிறதே’ என்று விற்பவர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். முத்திரை இருக்கும் வண்டியாவது உண்மையைப் பாதி சொல்லிவிடுகிறது. முத்திரை இல்லாத வண்டிதான் எனக்குப் பயம்.

ஹார்வி புயல் 2017 ஆகஸ்டில் ஹூஸ்டனை மூழ்கடித்தது. அடுத்த வருடம் டாலஸில் படித்துக்கொண்டிருந்த என் மைத்துனன் ஒரு அக்கார்டு பார்க்கப் போனான். இரண்டு வருட வண்டி, சுத்தமான டைட்டில், வேறு மாநிலத்தில் கொடுத்தது. விலையும் மலிவு. வீடியோவில் என்னைக் கூப்பிட்டான்.

“அத்தான், வண்டி பளபளன்னு இருக்கு. உள்ளே நல்ல வாசனைகூட அடிக்குது.”

“அதான்டா பயமா இருக்கு. டிக்கியைத் திற, ஸ்டெப்னியைத் தூக்கு.”

தூக்கினான். அடியில் இருந்த பள்ளத்தில், ஓரமாக, விரல் நகத்தில் சுரண்டினால் வரும் அளவுக்குப் பழுப்பாகக் காய்ந்த வண்டல். பிறகு பின்சீட் பெல்ட்டை உருட்டில் மீதி இல்லாமல் முழுக்க வெளியே இழுக்கச் சொன்னேன். கழுவுகிறவர்கள் கண்ணில் படும் பகுதியைத்தான் கழுவுவார்கள். கடைசி ஒரு முழம் பெல்ட்டில் தண்ணீர் நின்ற கோடு, வேட்டிக் கரை மாதிரி நேராக. விற்பவர் அதைப் பார்த்துவிட்டு, “காபி கொட்டியிருக்கும்” என்றாராம்.

அன்று இரவு வின் நம்பரை வைத்து என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசியப் பதிவகத்தின் அறிக்கை எடுத்தோம். அதில் டைட்டில் பகுதியில் எந்த முத்திரையும் இல்லை. ஆனால் இன்னொரு பகுதியில், 2017 செப்டம்பரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் அதை டோட்டல் லாஸ் என்று அறிவித்த பதிவு இருந்தது. வண்டிக்குக் காசு கொடுத்தாயிற்று, பத்திரத்தில் மட்டும் எழுத்து விழவில்லை. இதைத்தான் ‘டைட்டில் வாஷிங்’ என்கிறார்கள். ஒரு மாநிலத்தின் முத்திரையை அப்படியே ஏற்காத இன்னொரு மாநிலத்தில் பதிந்து சுத்தமான காகிதம் வாங்குவது ஒரு வழி. முத்திரை விழுவதற்கு முன்பே கைமாற்றிவிடுவது இன்னொரு வழி. கள்ளச்சந்தைக்காரர்கள் மட்டும் செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். சால்வேஜ் டைட்டில் வாங்காமலே வண்டிகளை விற்ற விவகாரத்தில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் 2005-ல் 49 மாநிலங்களோடு சுமார் 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்பது இந்தக் கூத்தைத் தடுக்க வந்த தேசிய டைட்டில் பதிவகம். சட்டம் 1992-லேயே வந்துவிட்டது, காப்பீட்டு நிறுவனங்களும் சால்வேஜ் யார்டுகளும் மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் 2009-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அறிக்கைக்குச் சில டாலர்கள்தான். வண்டியின் வரலாற்றை விற்கும் தனியார் நிறுவனமான கார்ஃபேக்ஸ் வேறு, இது வேறு. முடிந்தால் இரண்டையும் பாருங்கள். காப்பீட்டு மோசடியைத் தடுக்கும் அமைப்பான என்.ஐ.சி.பி.யின் வின்செக் என்ற இணையத் தேடல் இலவசம். ஆனால் ஒன்று: காப்பீடு வழியாகப் போகாத விபத்து இவை எதிலும் இருக்காமல் போகலாம். லயபிலிட்டி (அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு) மட்டும் வைத்திருப்பவர் மரத்தில் மோதிவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் சரிபண்ணி விற்றால், யார் யாருக்கு அறிவிப்பது?

பணம் சம்பந்தப்பட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரீபில்ட் வண்டிக்குப் பல வங்கிகள் கடன் தராது. லயபிலிட்டி காப்பீடு கிடைத்துவிடும், உங்கள் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான காம்ப்ரிஹென்சிவ், கொலிஷனுக்குச் சில நிறுவனங்கள் கையை விரிக்கும். கொடுத்தாலும் நாளைக்கு அடிபட்டால் முத்திரையைக் காட்டி மதிப்பைக் குறைப்பார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் காப்பீட்டுக்காரருக்கு வின் நம்பரைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். விற்கும்போதும் நீங்கள் வாங்கிய அதே தள்ளுபடியைக் கொடுத்துத்தான் விற்க வேண்டும். நான் என் கரோலாவை 2022-ல் ஒரு மாணவருக்குக் கொடுத்தேன். இடிபட்ட அன்று எடுத்த போட்டோக்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். அவர் பேரம்கூடப் பேசவில்லை.

அந்த ஃபைல்தான் கேட்டவருக்கு என் பதில். உங்கள் கேம்ரிக்கு ஏன் டோட்டல் போட்டார்கள் என்று கேளுங்கள். சரிபண்ணுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். பல சால்வேஜ் வண்டிகள் கோபார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற ஏலங்கள் வழியாகத்தான் வருகின்றன. வின் நம்பரை இணையத்தில் தேடினால் ஏலத்தில் போட்ட படங்கள் பெரும்பாலும் கிடைக்கும். திருடுபோய்க் காப்பீட்டுக்காரர் காசு கொடுத்த பிறகு கிடைத்த வண்டி, ஆலங்கட்டி மழையில் கூரை முழுக்கச் சொட்டைவிழுந்த வண்டி என்றால் நான் யோசிப்பேன். வெள்ளம் என்றால் வேண்டாம். ஒயரிங் எப்போது அரிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

படத்தில் ஏர்பேக் வெடித்திருந்தால், புதிதாகப் போட்ட ஏர்பேக் எங்கே வாங்கியது என்பதற்கு ரசீது இல்லாமல் காலெடுத்து வைக்க வேண்டாம். ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர்களில் மலிவான போலிகள் பொருத்திய பழைய வண்டிகளில் ஒன்பது மாதத்தில் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. 2024 ஜூலையில் எச்சரித்தது. ஸ்டியரிங்கில் இருப்பது அசலா என்று பார்த்துச் சொல்ல ஒரு நல்ல மெக்கானிக்குக்கு 150, 200 டாலர் கொடுத்தாலும் தகும்.

18,000-க்கும் 11,500-க்கும் நடுவே இருக்கும் 6,500 தள்ளுபடி, படங்கள் கையில் இருந்தால் சுமாரான பேரம், இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். “படமெல்லாம் பழைய போனில் போய்விட்டது” என்று விற்பவர் சொன்னால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.