கேளுங்கள், சொல்கிறோம்: கணவர் இருக்கும் நாட்டுக்குப் போனால் வேலையில்லா உதவித்தொகை கிடைக்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பெண் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போகிறாள், அந்த இடைப்பட்ட காலத்துக்கு எந்த அரசாங்கமாவது பணம் தருமா என்று. ஆகவே மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கே முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

காரைக்குடியிலிருந்து ஒரு தாயார்: மகள் சென்னையில் ஐடி கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ஜெர்மனியில், மூனிச்சில். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு அங்கே போகிறாள். அந்த நாட்டில் வேலை இல்லாதவர்களுக்குச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அரசாங்கமே தரும் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். என் மகளுக்கும் உண்டா?

ஆச்சி, சம்பந்தி வீட்டார் சொன்னது பொய்யில்லை, ஆனால் உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. ஜெர்மனியில் வேலை போனவர்களுக்குக் கையில் வாங்கிய நிகரச் சம்பளத்தில் சுமார் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம் தருகிறார்கள். அது தானமோ இலவசமோ இல்லை, இன்ஷூரன்ஸ். சம்பளத்தில் 2.6 சதவீதத்தை ஊழியரும் முதலாளியும் ஆளுக்குப் பாதியாக மாதாமாதம் கட்டுகிறார்கள். கடைசி 30 மாதத்தில் குறைந்தது 12 மாதமாவது கட்டியவருக்குத்தான் பணம். சென்னையில் ஆறு வருஷம் பார்த்த வேலை இந்தக் கணக்கில் ஏறாது. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று 2017 மே முதல் நடப்பில் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது முக்கியமாக ஓய்வூதியத்துக்கானது, இந்தியாவில் வேலை பார்த்த காலத்தை வேலையில்லா உதவித்தொகைக்குச் சேர்த்து எண்ண அதில் இடமில்லை.

அதற்காக அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மனைவிக்கு வருமானம் இல்லையென்றால் கணவரின் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே அவளையும் கூடுதல் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். மாப்பிள்ளை, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று தீர்மானிக்கும் தன் வரி வகுப்பை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தால் அவர் கைக்கு மாதம் வருகிற தொகையும் கூடும், பலர் இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். குடும்ப விசாவில் போகும் மனைவி அங்கே வேலை பார்க்கத் தடையில்லை. எனவே போனதும் அங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிந்துகொள்ளட்டும். உதவித்தொகை இல்லாவிட்டாலும் வழிகாட்டுதல் உண்டு.

அந்தக் காலத்தில் ஐயாக்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்கப் போனபோது ஆச்சிமார் ஊரில் இருந்து வீட்டைக் கட்டி ஆண்டார்கள். இப்போது பெண்ணுக்கும் ஒரு சம்பளம் இருக்கிறது, அதை விட்டுவிட்டுத்தான் போகிறாள். அப்படியானால் அந்தச் சம்பளத்திலிருந்து என்ன மிஞ்சும் என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் மூனிச் இல்லை, சென்னை. கீழே புதுவயல் வாசகிக்குச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

கோட்டையூர் வாசகி, இப்போது பெர்லினில்: இங்கே மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். கணவருக்கு நெதர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது, நானும் அங்கே போக வேண்டும். நானாக ராஜினாமா செய்தால் உதவித்தொகை கிடையாது என்கிறார்கள். நான் இத்தனை நாள் கட்டிய பணம் போனது போனதுதானா?

போகாது, ஆனால் அவசரப்பட்டால் போய்விடும். நீங்கள் கட்டியிருக்கிறீர்கள், உரிமை இருக்கிறது. பொதுவாக ஜெர்மனியில் ஒருவர் தானாக வேலையை விட்டால் 12 வாரத்துக்குப் பணத்தை நிறுத்திவைப்பார்கள். அதற்குத் தக்க காரணம் இருந்தால் அந்தத் தடை கிடையாது. கணவருடன் சேர்ந்து வாழ இடம் மாறுவது அப்படிப்பட்ட காரணங்களில் ஒன்று. என்ன, வாயால் சொன்னால் போதாது. கணவரின் வேலை ஒப்பந்தம், அங்கே வீடு எடுத்த பத்திரம், திருமணப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் எழுதுகிற இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் நீட்டினால் அங்கே யாருக்கும் புரியாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி பதிவு செய்த சான்றிதழ்தான் செல்லும். பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதல் வேலையாக அதை முடியுங்கள்.

அப்புறம் முக்கியமானது வரிசை. வேலை முடியப்போகிறது என்று தெரிந்தால் மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொல்ல வேண்டும், அதைவிடக் குறைவாகத் தெரியவந்தால் தெரிந்த மூன்று நாளுக்குள். பிறகு வேலை இல்லாதவராகப் பதிந்து, ஜெர்மனியிலேயே நான்கு வாரமாவது வேலைக்குத் தயாராக இருந்து, அதன்பின் யு2 என்ற படிவத்தை வாங்கிக்கொண்டு நெதர்லாந்து போகலாம். போன ஏழு நாளுக்குள் அங்குள்ள அலுவலகத்தில் பதிந்துவிட்டால் ஜெர்மன் உதவித்தொகையே மூன்று மாதத்துக்கு அங்கேயும் வரும், கேட்டு நீட்டினால் ஆறு மாதம் வரை. அந்த நான்கு வாரத்தை அலுவலகம் நினைத்தால் குறைக்கலாம், கணவர் ஏற்கெனவே போய்விட்டார் என்று எழுதிக் கேளுங்கள். வேலையை விட்ட மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினவர்கள்தான் இதைக் கோட்டை விடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் நெதர்லாந்தில் வேலை செய்யும் உரிமையுள்ள விசா உங்களிடம் இருக்க வேண்டும். டென்மார்க் என்றால் நம்மவர்களுக்கு இந்த வழியே கிடையாது.

சீக்கிரமே அங்கே வேலை கிடைத்துவிட்டால் இன்னொரு நன்மை உண்டு. பின்னால் எப்போதாவது அந்த வேலையும் போனால், யு1 படிவத்தின் மூலம் ஜெர்மனியில் கட்டிய காலத்தையும் சேர்த்தே எண்ணுவார்கள். அதனால் பெர்லின் சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தேவகோட்டை வாசகர்: மருமகள் துபாயில் நான்கு வருஷமாக வேலை. மகன் சிங்கப்பூரில். வேலையை விட்டுவிட்டு அங்கே சேரப்போகிறாள். துபாயில் மாதாமாதம் ஏதோ இன்ஷூரன்ஸ் பிடித்தார்களாம், அதைக் கேட்டு வாங்கலாமா?

வாங்க முடியாது ஐயா. 2023 ஜனவரியில் வந்த அந்த வேலையிழப்புக் காப்பீடு, முதலாளி வேலையை விட்டு எடுத்தால் மட்டும்தான். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை இருப்பவர்கள் மாதம் 5 திர்ஹாம், அதற்கு மேல் 10 திர்ஹாம் கட்டுகிறார்கள். தொடர்ந்து 12 மாதம் கட்டியவருக்கு, வேலை போன 30 நாளுக்குள் கேட்டால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு. தானாக ராஜினாமா செய்தால் கிடையாது, நாட்டை விட்டுக் கிளம்பினாலும் நின்றுவிடும். மருமகளுக்கு இரண்டுமே பொருந்துகிறது.

ஆனால் பணிக்கொடையை விட்டுவிடாதீர்கள். அது ராஜினாமா செய்தாலும் உண்டு. ஒரு வருஷம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருஷம் வரை வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். நான்கு வருஷம் என்றால் 84 நாள் கணக்கு வருகிறது. வேலை முடிந்த 14 நாளுக்குள் தர வேண்டும். விசாவை ரத்து செய்வதற்கு முன்பே, எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். பணம் வங்கியில் ஏறுகிற வரை அந்தக் கையெழுத்தைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் மருமகளுக்கு எந்த உதவித்தொகையும் எதிர்பார்க்க வேண்டாம். கணவரைச் சார்ந்த பாஸில் போகிறவர்கள் முன்பு ஒரு சம்மதக் கடிதத்தோடு வேலை பார்க்க முடிந்தது, 2021 மே முதல் அதுவும் மாறி, பெரும்பாலோர் தனியாக வேலை பாஸ் வாங்கித்தான் வேலைக்குப் போக வேண்டும். துபாயை விடுவதற்கு முன்பே அங்கே விண்ணப்பிக்க ஆரம்பிப்பது நல்லது.

புதுவயல் வாசகி: கோவையில் தனியார் கம்பெனியில் மூன்று வருஷம். கல்யாணம் ஆகி மலேசியா போகிறேன். இங்கே வேலையில்லா உதவி ஏதாவது உண்டா? பிஎஃப் பணத்தை எப்போது எடுக்கலாம்?

தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ-யில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒன்று 2005 முதல் இருக்கிறது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர உடல் ஊனம் என்றால் மட்டுமே அது. கணவரோடு போகிறேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் உங்களுக்கு உதவித்தொகை என்பது பிஎஃப்தான், அதாவது உங்கள் சொந்தப் பணம்.

வேலை விட்டவர் முழுத்தொகையையும் எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கும், நிரந்தரமாக வெளிநாடு போகிறவருக்கும் அந்தக் காத்திருப்பு இல்லை. 2025 அக்டோபரில் பிஎஃப் வாரியம் எடுத்த முடிவின்படி 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி வேலையில்லாமல் 12 மாதம் கழித்துத்தான். ஆனால் நிரந்தரமாக நாட்டை விட்டுப் போவது இதிலும் விலக்கு. ஆகவே விண்ணப்பத்தில் காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், விசா நகலை இணைக்கத் தயாராக வைத்திருங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம். ஐந்து வருஷம் முடியாமல் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுத்தால், பான் எண் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். மற்றொன்று போன். ஓடிபி எல்லாம் ஆதாரோடு இணைந்த இந்திய எண்ணுக்குத்தான் வரும். போகிற அவசரத்தில் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, எண் வேறொருவருக்குப் போய், கோலாலம்பூரிலிருந்து தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தவர்கள் கதை நிறையக் கேட்டாயிற்று. ரோமிங் போட்டு அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். விலகிய தேதியைக் கம்பெனி பதிவேற்றவில்லை என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே பிஎஃப்-பின் யுஏஎன் (உறுப்பினர் எண்) தளத்தில் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் குடியேறியபின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பணம் வந்து சேர்ந்தபின் மாற்றினால் குழப்பம் குறைவு.

திரும்பி வந்து இங்கே வேலை பார்க்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பென்ஷன் பகுதியை மட்டும் எடுக்காதீர்கள். அதற்குத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால் இந்த மூன்று வருஷம் பின்னால் வரும் வருஷங்களோடு சேரும், பத்து வருஷம் ஆனால் பென்ஷன்.

பள்ளத்தூர் வாசகி: பட்டதாரி. சிவகங்கை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து மாதம் 600 ரூபாய் உதவித்தொகை வாங்குகிறேன். கணவரோடு அபுதாபி போகிறேன். தொடருமா?

தொடராது, தொடரவும் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அபுதாபிச் சம்பளம் வீட்டுக்கு வந்தபின் அந்தச் சுயஉறுதிமொழியில் எந்த மனசோடு கையெழுத்துப் போடுவீர்கள்? அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். பதிவை மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், சீனியாரிட்டி போய்விடக் கூடாது.

கானாடுகாத்தான் வாசகி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். நியூ ஜெர்சியில் வேலை போய் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தேன். கணவர் தொழில் பார்க்க ஊருக்கே வந்துவிட்டதால் நானும் வந்துவிட்டேன். இணையத்தில் நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு இங்கிருந்தே வாரா வாரம் பதில் கொடுத்தால் பணம் வரும் என்கிறாள் தோழி.

வேண்டவே வேண்டாம். வாரா வாரம் அவர்கள் கேட்பதே, இந்த வாரம் வேலைக்குத் தயாராக இருந்தீர்களா என்றுதான். ஊரில் இருந்துகொண்டு ஆம் என்று சொல்வது பொய். கண்டுபிடித்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு, மோசடி என்று தீர்மானித்தால் குறைந்தது 15 சதவீதம் அபராதம் என்பது அங்கே மத்தியச் சட்டம். பாஸ்போர்ட்டில் குத்திய தேதியை எந்த விபிஎன்னும் மறைக்காது.

கிளம்பிய தேதியை இன்றே தெரிவித்துவிட்டுப் பதில் கொடுப்பதை நிறுத்துங்கள். அந்த உரிமை முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து ஓராண்டுக்கு இருக்கும். அதற்குள் திரும்பிப் போய் வேலை தேட ஆரம்பித்தால், மீதியிருக்கும் தொகைக்குப் பழைய விண்ணப்பத்தையே மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்கலாம்.