வன்னி வெயிலில் அல்டிமேட் போட்டி: ஆடிக்கொண்டே நடத்துவது எப்படி?

கேள்வி: கிளிநொச்சியில் உள்ள எங்கள் கழகத்தின் கலப்பு அல்டிமேட் ஃப்ரிஸ்பீ அணி, எட்டு அணிகள் மோதும் தேசிய அமெச்சூர் போட்டியில் ஆடுகிறது. அதே போட்டியை இங்கே பாடசாலை மைதானத்தில் இரண்டு நாளில் நடத்தவும் எங்களிடம் உதவி கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அளவு நாடாவோடு மைதானத்துக்குப் போங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒரு அல்டிமேட் மைதானம் 100 மீற்றர் நீளம், 37 மீற்றர் அகலம். இரு முனையிலும் 18 மீற்றர் எண்ட் சோன் (டிஸ்க்கை, அதாவது எறியும் தட்டை, அங்கே பிடித்தால் புள்ளி), நடுவில் 64 மீற்றர். உங்களுக்கு இரண்டு மைதானம் வேண்டும். அருகருகே போட்டால் 74 மீற்றர், நடுவே 6, வெளி ஓரங்களில் 3 வீதம், ஆக 86. சாதாரண உதைபந்தாட்டத் திடலின் அகலத்துக்குள் இது அடங்காது. நடு இடைவெளியைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள்; விடாதீர்கள். டிஸ்க்கை அண்ணாந்து பார்த்தபடி ஓடுபவர் பக்கத்து ஆட்டத்துக்குள் போய் மோதுவது அங்கேதான். இடம் போதாவிட்டால் இரண்டு மைதானங்களையும் ஒரே அளவில் ஒடுக்குங்கள்.

மூலை சரியாக 90 பாகை வர, எண்ட் சோனின் குறுக்களவைப் பாருங்கள்: 18க்கு 37 என்றால் இரண்டு குறுக்களவும் 41.15 மீற்றர் வரவேண்டும். கோடு ஒரு மைதானத்துக்கு 348 மீற்றர், மூலைகளுக்குக் கூம்பு 8. நீற்றாத சுண்ணாம்பைக் கோட்டுக்குப் போடவே கூடாது, விழுந்தவரின் தோலைச் சுட்டுவிடும். மைதானம் வடக்கு தெற்காக இருக்கட்டும். இல்லையேல் காலையிலும் மாலையிலும் ஓர் அணிக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும். சோளகக் (தென்மேல் காற்றுக்) காலத்தில் காற்று குறுக்காகச் சாய்ந்து அடிக்கும்தான், ஆனால் அதை எறிந்து பழகலாம், சூரியனைப் பழக முடியாது. முதல்நாள் மாலை பத்துப் பேர் வரிசையாக நடந்து நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு பொறுக்குங்கள். மாட்டுக் குளம்புப் பள்ளங்களையும் நிரப்புங்கள். எண்ட் சோன் பின்னால் பற்றை இருந்தால் 175 கிராம் டிஸ்க் இரண்டை அங்கே உபரியாக வையுங்கள். போன டிஸ்க்கைத் தேடப் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்ப வேண்டாம், பாம்பு இருக்கும்.

ஆடிக்கொண்டே நடத்தும் உங்கள் பிரச்சினையை உண்மையில் தீர்க்கப்போவது அட்டவணைதான். நான்கு அணி வீதம் ஏ, பி என இரு குழு. 6:30க்கு ஏ குழுவின் நான்கு அணிகளும் இரண்டு மைதானத்தில், 7:45க்கு பி, 9:00க்கு ஏ, 10:15க்கு பி. 11:15க்கு எல்லாம் நிற்கட்டும். 3:00க்கு ஏ, 4:15க்கு பி. முதல்நாளே 12 ஆட்டமும் முடியும், எந்த அணியும் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஆடாது. ஒரு குழு ஆடும்போது மற்றக் குழு புள்ளி எழுதும், தண்ணீர் பார்க்கும். உங்கள் கழகத்தாரும் இப்படி மாறி மாறி நிற்கலாம். ஆனால் ஒருங்கிணைப்பாளரும் நேரம் பார்ப்பவரும் ஆடக்கூடாது. அணித்தலைவரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டால் இரண்டு வேலையும் கெடும். மறுநாள் 6:30க்கு கீழ் இடங்களுக்கான அரையிறுதி, 7:45க்கு மேல் அரையிறுதி, 9:00க்கு 5ஆம், 7ஆம் இடங்கள், 10:15க்கு 3ஆம் இடமும் இறுதியும். தூரத்து அணிகள் மதியம் ஏ9 வீதியில் பஸ் ஏறிவிடும்.

முழு ஆட்டம் 15 புள்ளி. 60 நிமிடத்துக்குள் அது வராது, 13 போதும். நேரத்துக்கு ஒரே ஹோர்ன், ஒரே மணிக்கூடு, இரண்டு மைதானத்துக்கும். 50ஆவது நிமிடத்தில் ஊதினால், நடக்கும் புள்ளியை முடித்து, முன்னணி அணியின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி இலக்காக்குங்கள். இந்த விதியை அணித்தலைவர்கள் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் 8-8 என நிற்கும்போது சண்டை வரும். கலப்புப் பிரிவில் ஒரு புள்ளிக்கு ஆண், பெண் 4:3 அல்லது 3:4 எப்படி மாறும் என்பதையும் அங்கேயே பேசி முடியுங்கள்.

நடுவர் இல்லாத ஆட்டம் இது. பவுல் என்று பாதிக்கப்பட்டவரே சொல்வார். எதிராளி ஏற்காவிட்டால் பெரும்பாலும் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பும். உதைபந்தாட்டம் பார்த்துப் பழகிய ஊர்ச் சனம் ‘தீர்ப்புச் சொல்லு’ என்று மேசைக்கு வரும். ஒலிபெருக்கியில் இரண்டு வரி விளக்கம் சொல்லுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் நன்னடத்தைக்குப் புள்ளி போடும் ஸ்பிரிட் தாளில் ஐந்து தலைப்பு: விதி அறிவு, உடல் மோதல், நியாய மனம், மனப்பாங்கும் தன்னடக்கமும், பேச்சுத் தொடர்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4; சாதாரண நல்ல ஆட்டம் 2, மொத்தம் 10. புது அணிகள் நட்புக்காக 4, கோபத்தில் 0 போடும். அந்த இரண்டுக்கும் காரணம் எழுதாத தாளைத் திருப்பிக் கொடுங்கள், அணி மைதானத்தை விட்டுப் போகுமுன்பே.

தண்ணீர்: வீரர், உதவியாளர் சேர்ந்து 165 பேருக்கு நாளொன்றுக்கு 1,000 லீற்றர் குடிக்க மட்டும். கிணற்றுத் தண்ணீர் வன்னியில் பல இடத்தில் கடினம், வெளியூர்க்காரர் குடிக்கத் தயங்குவார்கள். ஆர்.ஓ. (சுத்திகரித்த) தண்ணீரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பவுசரை மைதானத்து ஓரத்திலேயே நிறுத்துங்கள். ஜீவனியை (உப்புச் சர்க்கரைக் கரைசல் தூள்) பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும், குறைத்தால் வயிற்றைப் புரட்டும். மீன் ஐஸ் உடம்பைக் குளிர்த்த மட்டும், குடிக்க அல்ல. யாராவது தள்ளாடி, பேச்சுக் குழறினால் முதலில் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இன்னொருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும். 5:30க்கு வாழைப்பழமும் பிளேன்ரீயும், பாணும் சம்பலும் முதல் ஆட்டத்துக்குப் பிறகு, சோறு 11:30க்கு. மூன்று மணி ஆட்டத்துக்குள் அது செரித்துவிடும்.

திகதி: ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வேண்டாம். மாசி, பங்குனி நல்லது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்டில் மடுத் திருவிழா. அந்த நாட்களில் பஸ்ஸும் தங்குமிடமும் கிடைக்காது. பொதுப் பரீட்சை மாதங்களில் வகுப்பறையும் கிடைக்காது. பெண்களுக்குத் தனி வகுப்பறையும், 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் உறுதியான பிறகுதான் மற்ற அணிகளுக்குத் திகதியைச் சொல்லுங்கள்.